சிறுநீரகக் கல்: ஊர்த் தண்ணீர் மட்டுமா காரணம்?

வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறியவர்களிடம் சிறுநீரகக் கல்லைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ஊர்க் கிணற்றுத் தண்ணீர். யாழ் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்தலில் வெள்ளையாகப் படிவது சிறுநீரகத்திலும் படியும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயில் வருவது சுண்ணாம்புக் கிணற்று நீரல்ல. கொழும்புக்கான குடிநீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படுகிறது. அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்கும் கல் வருகிறது.

இன்னொரு நம்பிக்கை இதைவிடப் பாதகமானது. கல்லில் கல்சியம் இருக்கிறது, ஆகவே பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டும் என்பது அது. பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒக்சலேட்டால் ஆனவை என்பது உண்மை. ஆனால், சாப்பாட்டோடு சேரும் கல்சியம், கீரை, கச்சான், தேயிலை போன்றவற்றிலுள்ள ஒக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடுகிறது. பாலை நிறுத்தினால் அந்த ஒக்சலேட் கூடுதலாகச் சிறுநீருக்குப் போகிறது. மீண்டும் மீண்டும் கல் வந்த 120 ஆண்களை இத்தாலியில் 5 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பி வந்தது. வழமையான அளவு கல்சியத்துடன் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது.

உப்பு கூடும்போது சிறுநீரில் கல்சியமும் கூடுகிறது. தேசிக்காய், தோடம்பழம் போன்றவற்றிலுள்ள சிற்றேற் கல் உருவாவதைத் தடுக்கிறது. போதிய தண்ணீர் எல்லாவற்றையும் ஐதாக்குகிறது. ஆக, பழம், மரக்கறி, அளவான பால், குறைந்த உப்பு, நிறையத் தண்ணீர். இதில் புதினம் எதுவுமில்லை. இதைக் கடைப்பிடிக்க யாருக்கு முடிகிறது என்பதே கேள்வி.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பின்னர் பணவீக்கம் இறங்கியது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வாடகைக்கும் பிள்ளைகளின் டியூசனுக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவதில் சமைக்கும் வீட்டில் முதலில் குறைவது பால்மாவும் பழமும். சோற்றுக்குத் துணையாக மிஞ்சுவது கருவாடு, ஊறுகாய், பக்கற் நூடில்ஸ். எல்லாமே உப்பு. நோயாளியிடம் “சாப்பாட்டில் கவனம்” என்று சொல்லும்போது இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

தண்ணீருக்குக் காசில்லை என்று நினைப்போம். காலி வீதிப் புடவைக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக வசதியோ அனுமதியோ இல்லாத இடத்தில் வேலை செய்பவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். 2009இல் மெனிக் பாமில் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பழக்கத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால், கடை முகாம் அல்ல. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஊழியர்களுக்குக் கழிப்பறை வசதி இருக்க வேண்டும் என்கிறது. அதை மேற்பார்வை செய்ய வேண்டியது தொழில் திணைக்களம்.

ஒரு எச்சரிக்கை. அநுராதபுரம், பதவியா பகுதிகளில் விவசாயிகளைப் பாதிக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, கல் வேறு. ஏற்கனவே சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பழங்களையோ தண்ணீரையோ கூட்டக்கூடாது. இடுப்பு வலியோடு காய்ச்சலும் வந்தால் வாழைத்தண்டுச் சாற்றை நம்பிக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது உண்டு. கருவாட்டை ஊறவைத்துக் கழுவலாம், கீரையைத் தயிரோடு சாப்பிடலாம், இனிப்பில்லாத தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கலாம். ஆனால், தண்ணீர்ப் போத்தலை வேலைக்குக் கொண்டுபோகச் சொல்பவர்கள், அங்கே கழிப்பறைக் கதவு திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.