வழியை மூடும் முன் மாற்று வழி வேண்டும்: தண்டவாளத்தைக் கடப்பது குறித்து மேற்குப் புறநகர் ரயில் பயணிகளின் நிலைப்பாடு

சென்னை சென்ட்ரல்–அரக்கோணம் தடத்தில் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று அடுத்தடுத்து நிலையங்கள் வருகின்றன. எல்லா இடத்திலும் ஊர் தண்டவாளத்தின் இரு பக்கமும் விரிந்திருக்கிறது. வீடு ஒரு பக்கம் என்றால் பள்ளி, சந்தை, பஸ் நிறுத்தம், கம்பெனி மறுபக்கம். நடுவே நான்கு ரயில் தடங்கள். அவற்றைக் கடப்போரைப் பிடித்து அபராதம் விதிப்பதும், வழக்கமாக நடந்து போகும் இடங்களைச் சுவர் எழுப்பி அடைப்பதும் பாதுகாப்பு நடவடிக்கை என்று சொல்லப்படுகிறது. மாற்று வழி பயன்பாட்டுக்கு வரும் முன் எந்த வழியையும் அடைக்கக் கூடாது என்பதே மேற்குப் புறநகர் ரயில் பயணிகள் சங்கத்தின் நிலைப்பாடு.

இந்தத் தடத்தின் வரலாறு உறுப்பினர்களுக்குத் தெரிந்ததே. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. அன்று இரு பக்கமும் ஏரியும் வயலும் இருந்தன. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. 1979இல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2019இல் ஆவடியே தனி மாநகராட்சியானது. ஊர் இத்தனை மடங்கு பெருத்தது. பல நிலையங்களில் படிக்கட்டின் அகலம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

பயணி ஏன் தண்டவாளத்தில் இறங்குகிறார் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியாது. காலை எட்டரை மணிக்கு நடைமேம்பாலத்தின் கீழே நின்று பார்த்தால் போதும். ஒரே நேரத்தில் இரு பக்கமும் லோக்கல் வந்து நிற்கிறது. இறங்கிய கூட்டம் மேலே ஏறுகிறது. ஏற வேண்டிய கூட்டம் அதே படியில் கீழே இறங்குகிறது. நடுவில் பூக்கூடையைத் தலையில் சுமந்த ஓர் அம்மா கைப்பிடியைப் பற்றியபடி நகர முடியாமல் நிற்கிறார். அப்போது ஒலிபெருக்கி, ஒன்றாவது நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி மூன்றாவது நடைமேடைக்கு வருவதாகச் சொல்கிறது. வண்டியின் முகப்பு விளக்கு தெரிகிறது. சாப்பாட்டுப் பையை எதிர் நடைமேடையில் வைத்துவிட்டு ஓர் இளைஞர் தண்டவாளத்திலிருந்து கையூன்றி ஏறுகிறார். அவர் பின்னால் பத்துப் பேர். அந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். கம்பெனி வாசலில் அரை நாள் சம்பளம் போகும். இவர்களை அவசரக்காரர்கள் என்றும் ஒழுங்கில்லாதவர்கள் என்றும் பேசுவதைச் சங்கம் கண்டிக்கிறது. கடைசி நிமிடத்தில் நடைமேடையை மாற்றுவது பயணி அல்ல. நடைமேடையின் ஒரு முனையில் மட்டும் படிக்கட்டு வைத்து, மறுமுனையில் இறங்குபவர் முழு நீளமும் திரும்பி நடந்துவர வேண்டும் என்று வகுத்ததும் பயணி அல்ல.

கடப்பதில் உள்ள ஆபத்தைச் சங்கம் குறைத்துச் சொல்லவில்லை. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் ஒரு நொடியில் சுமார் 30 மீட்டர் தாண்டும். வயதானவர் ஒரு ஜோடித் தண்டவாளத்தைக் கடக்கப் பத்து நொடி எடுத்தால், அதற்குள் வண்டி 300 மீட்டர் நெருங்கிவிடும். ஓட்டுநர் பார்த்து பிரேக் போட்டாலும் அந்தத் தூரத்தில் நிற்காது. நான்கு தட நிலையங்களில் உயிரைப் பறிப்பது பலமுறை இரண்டாவது வண்டிதான். லோக்கல் கிளம்பியதும் அதன் பின்னால் இறங்குபவருக்குப் பக்கத்துத் தடத்தில் வரும் எக்ஸ்பிரஸ் தெரியாது. லோக்கலின் பெட்டிகள் மறைத்திருக்கும். ஹாரன் கேட்டாலும் அது லோக்கலுடையது என்றே நினைப்பார். 2022 நவம்பர் முதல் மைசூரு வந்தே பாரத்தும் 2023 ஏப்ரல் முதல் கோவை வந்தே பாரத்தும் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. வண்டிகளின் வேகத்தைக் கூட்டத் திட்டமிட்டவர்கள், அதே தடத்தைத் தினமும் கடக்கும் மக்களுக்கான பாலத்தையும் அதே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை என்பதுதான் கோபம்.

சட்டம் பயணியை மட்டுமே பார்க்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு 2017 முதல் எட்டு லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. டிக்கெட் கையில் இல்லை என்பதாலேயே அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆனால் நிலையத்துக்குள் ஒரு நடைமேடையிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கையில் அடிபட்டவர், சட்டைப் பையில் சீசன் டிக்கெட் இருந்தாலும், பொதுவாக அத்துமீறியவராகவே எழுதப்படுகிறார். வீட்டுக்குச் சேர்வது உடலும் ரயில்வே போலீசின் விசாரணைத் தாளும். வேறு வழி இருந்ததா என்ற கேள்வி அந்தத் தாளில் எங்கும் இல்லை.

இந்தக் கேள்வியை அரசு அமைத்த குழுவே கேட்டது. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் அறிக்கை தந்தது. தண்டவாளத்தில் அத்துமீறுவோர் என்ற பெயரில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள், அவர்களில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகரில் மட்டும் என்று அது கணக்குச் சொன்னது. எந்த நாகரிகச் சமூகமும் ஏற்க முடியாத படுகொலை என்றும் எழுதியது. பயணிகள் சங்கங்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் மிகைப்படுத்துகிறார்கள் என்றிருப்பார்கள்.

2023 நவம்பரில் வேப்பம்பட்டில் நடந்ததை இந்தத் தடத்தில் பயணிப்பவர்கள் மறக்கவில்லை. தண்டவாளத்தைக் கடந்த தந்தையும் இரண்டு மகள்களும் ரயில் மோதி இறந்தார்கள். அங்கே மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடந்தது. இத்தகைய பாலங்களில் தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை ரயில்வே கட்டும்; இரு பக்கச் சாலையை மாநில அரசு கட்டும்; அதற்கு நிலம் எடுக்க வேண்டும், வழக்கு வரும். ஒரு துறை முடித்தால் இன்னொரு துறை முடிக்காது. இதில் எந்தத் துறை தவறியது என்று தீர்ப்பு சொல்வது இந்த அறிக்கையின் நோக்கமல்ல. இரு துறைகளும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது செயற்குழுவின் பொதுவான கருத்து. ஆனால் பாலம் முடியும்வரை அந்த மக்கள் எப்படிக் கடப்பது என்பதற்கு எந்தத் துறையும் பதில் சொல்லாததை மன்னிக்க முடியாது.

மும்பையில் 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அதன்பிறகே நடைமேம்பாலம் என்பது பயணிகள் வசதி அல்ல, பாதுகாப்புத் தேவை என்று ரயில்வே அறிவித்தது. வசதி என்றால் பணம் மிஞ்சினால் செய்வது; பாதுகாப்பு என்றால் முதலில் செய்வது. அந்த அறிவிப்பை மேற்குப் புறநகர் நிலையங்களிலும் அப்படியே செயல்படுத்துமாறு சங்கம் கேட்கிறது. சென்னை பரங்கிமலையில் 2018 ஜூலையில் எக்ஸ்பிரஸ் தடத்துக்குத் திருப்பிவிடப்பட்ட லோக்கலின் படியில் நின்றவர்கள் நடைமேடையோரச் சுவரில் மோதி இறந்ததையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காக எழுப்பும் சுவரும் இடம் பார்க்காமல் எழுப்பினால் கொல்லும்.

படியேற முடியாதவர்களுக்கு இன்றுள்ள பாலங்களும் பாலங்கள் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வந்து ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் அணுகத்தக்கதாக மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; கெடு 2022இல் முடிந்துவிட்டது. லிஃப்ட் வைத்த இடத்தில் அது தினமும் ஓட வேண்டும் என்பதும் அந்தக் கடமையில் அடங்கும்.

அபராதம் கூடாது என்று சொல்ல வேண்டும் என உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் வலியுறுத்தினர். அபராதம் இல்லாவிட்டால் உயிரிழப்பு கூடும் என்று மற்றவர்கள் அஞ்சினர். எனவே சங்கம் கொள்கையளவில் அபராதத்தை எதிர்க்கவில்லை. நடைமேடையின் இரு முனையிலும் ஊரின் இரு பக்கத்தையும் இணைக்கும் பாலமோ, மழையில் நீர் தேங்காத சுரங்கப்பாதையோ, ஓடும் லிஃப்டோ இல்லாத நிலையத்தில் அபராதம் வசூலிப்பதை எதிர்க்கிறது. அப்படிப்பட்ட நிலையத்தில் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் நிர்வாகம் தன் கடமை தவறியதற்குப் பயணியிடம் வசூலிக்கும் பணம். சுவர் எழுப்பும் முன் நிலையவாரியாக மாற்று வழி எது, அது எப்போது திறக்கப்படும் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். வண்டி நிலையத்தை நெருங்கியபின் நடைமேடை மாற்றத்தை அறிவிக்கும் பழக்கத்தை, இயன்றவரை என்ற சொல் சேர்க்காமல், நிறுத்த வேண்டும்.

மற்றவற்றில் சங்கத்தின் முந்தைய நிலைப்பாடுகள் தொடர்கின்றன. கழிப்பறை பூட்டாமல் இருக்க வேண்டும். செயலி வந்தாலும் டிக்கெட் கவுன்ட்டர் குறையக் கூடாது. இரவு வண்டிகளில் மகளிர் பெட்டிக்குக் காவல் வேண்டும். அம்ருத் பாரத் திட்டத்தில் அம்பத்தூர் போன்ற நிலையங்களுக்கு ஒதுக்கும் பணம் முகப்பு அலங்காரத்துக்கு முன் பாலத்துக்கும் லிஃப்டுக்கும் போக வேண்டும்.

மாற்று வழியை முதலிலேயே திட்டமிட முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பூந்தமல்லிக்குப் புறநகர் ரயில் இல்லை. அங்குள்ளவர்கள் ரயிலேற பஸ் பிடித்து ஆவடி வருகிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ தடம் 26.1 கி.மீ. அதன் நிலையங்களில் நடைமேடை ஓரத்தில் கதவு உண்டு. பயணி தண்டவாளத்தில் இறங்கவே முடியாது. லிஃப்டும் சாலையின் இரு பக்க வாசலும் வரைபடத்திலேயே இருக்கின்றன. பூந்தமல்லியில் முடிவது பட்டாபிராமில் முடியாது என்பதை ஏற்க முடியாது. கோயம்பேட்டிலிருந்து சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை (சி.டி.எச். சாலை) வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோவை நீட்டிக்கும் திட்டத்தில், அம்பத்தூரிலும் ஆவடியிலும் மெட்ரோ நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் தண்டவாளத்தின் இரு பக்கமும் இணைக்கும் ஒரே நடைமேம்பாலம், டிக்கெட் இல்லாதவரும் கடக்கும்படி, முதல் வரைபடத்திலேயே சேர்க்கப்பட வேண்டும். அதன் செலவை ரயில்வேயும் மெட்ரோ நிறுவனமும் மாநில அரசும் எப்படிப் பகிர்வது என்பதைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.