மனிதத் தவறு என்னும் முற்றுப்புள்ளி

நம் வேலப்பன்சாவடி வழியே செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால், கூடிநிற்போரிடமிருந்து முதலில் எழும் வினா 'யார் மேல் தப்பு?' என்பதே. 'ஏன் நேர்ந்தது?' என்று கேட்போர் அரியர். முன்னது ஒருவரைச் சுட்டிக்காட்டியதும் அடங்கிவிடும். பின்னது அவ்வளவு எளிதில் அடங்குவதன்று. இவ்வேறுபாட்டை, நீலகிரியில் நிகழ்ந்த பெருந்துயர் ஒன்றைக் கொண்டு எண்ணிப்பார்க்க விழைகின்றோம்.

2021 டிசம்பர் 8ஆம் நாள் முற்பகல் 11.48 மணிக்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்ஐ-17 வி5 வகை ஹெலிகாப்டர் ஒன்று வெலிங்டன் நோக்கிப் புறப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர்தம் துணைவியார் உள்ளிட்ட 14 பேர் அதில் இருந்தனர். 12.15 மணிக்குத் தரையிறங்க வேண்டிய அது, 12.08 மணியளவில் தொடர்பிழந்தது. குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் அது தீப்பற்றி எரிந்தபோது, வீட்டிலிருந்த குடங்களில் நீரும் போர்வைகளும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அவ்வூர் எளிய மக்களே. 13 பேர் அன்றே மாண்டனர். உயிர்தப்பிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் பெங்களூரில் காலமானார்.

சதியென்றும் பகைநாட்டின் கைவரிசையென்றும் வதந்திகள் பரவின. விமானப்படையோ, உண்மைகள் வெளிக்கொணரப்படும், அதுவரை மறைந்தோரின் மாண்பு கருதி ஊகங்களைத் தவிர்ப்பீர் என வேண்டிக்கொண்டது. ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. கறுப்புப் பெட்டி எனப்படும் பதிவுக் கருவிகளும் (அவற்றின் நிறம் உண்மையில் செம்மஞ்சள்) ஆராயப்பட்டன. 2022 ஜனவரி 14இல் முதற்கட்ட முடிவுகள் அறிவிக்கப்பட்டன: இயந்திரக் கோளாறன்று, நாசவேலையன்று, அலட்சியமுமன்று. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறவே ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்தது. விமானிக்குத் திசையுணர்வு மயங்கியது. கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே அது நிலத்தில் மோதியது.

திசையுணர்வு மயக்கம் என்பது திறமைக்குறைவு அன்று. உட்செவியில் உள்ள நீர்மமே நம் உடலின் சாய்வை மூளைக்கு உணர்த்துகிறது. தொடுவானம் கண்ணுக்கு மறைந்தபின், மெல்ல நிகழும் திருப்பத்தை அதனால் உணர இயலாது. சாய்ந்து செல்பவர் தாம் நேராகச் செல்வதாகவே நம்புவார். கருவிகள் வேறு கூறும். உடலோ அவற்றை நம்ப மறுக்கும். எத்துணை அனுபவமுடையவர்க்கும் இது நேரலாம்.

2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கை, 2017 முதல் 2022 வரை விமானப்படையில் நிகழ்ந்த 34 விபத்துகளைக் குறிப்பிட்டது. குன்னூர் விபத்துக்கு அதில் காணப்பட்ட காரணம், 'மனிதத் தவறு (விமானக்குழு)' என்பதே. தமிழில் பிழை, தவறு, குற்றம் என்பவற்றிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. பட்டியலின் கட்டத்துக்குள் அவ்வேறுபாடு அடங்குவதில்லை. அலட்சியமில்லை என்று முன்னர் விடுவிக்கப்பட்டோர், மறுமொழி கூற இயலாத நிலையில், மீண்டும் சுட்டப்பட்டனர்.

2020 ஜனவரி 26இல் அமெரிக்காவின் கலபசாஸ் குன்றில், கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் உள்ளிட்ட 9 பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்தும் மேகத்துள் நேர்ந்த இதே மயக்கத்தால் விளைந்ததே. ஆனால் அந்நாட்டு விசாரணை வாரியம் விமானியோடு நிற்கவில்லை. மேகத்துள் பறப்பைத் தொடர விமானி ஏன் துணிந்தார், அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட நெருக்கடி யாது, ஹெலிகாப்டரை இயக்கிய நிறுவனத்தின் மேற்பார்வையில் குறை யாது என ஆராய்ந்து, முழு அறிக்கையையும் உலகறிய வெளியிட்டது.

படைத்துறைக்கு மறைபொருள்கள் உண்டென்பதை மறுப்பார் இலர். அவை மறைந்தே இருக்கட்டும். ஆயின் அன்று மலையின் வானிலை பற்றி விமானிகளுக்கு எட்டிய செய்தி யாது? திரும்பிச் செல்வதற்கு அவர்களுக்கு இருந்த உரிமை எத்தகையது? உயர்பதவியினரை ஏற்றிச் செல்லும்போது அவ்வுரிமை தளர்கிறதா? இவற்றுக்கான விடைகளில் எந்தப் படை இரகசியமும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. முழு அறிக்கை இதுவரை மக்கள் பார்வைக்கு வரவில்லை. அதன் இப்பகுதிகளையேனும் அரசு நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். விசாரணைக் குழு அளித்த பரிந்துரைகளுள் எவை நிறைவேறின என்பதையும் உடன் அறிவிக்க வேண்டும். உண்மைகள் வெளிக்கொணரப்படும் என்ற உறுதியைத் தந்தது விமானப்படையே அன்றோ?