சாவி தொலைந்த கணிப்பொறி



திண்டுக்கல் பூட்டைப் பற்றி நம் பகுதி மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என வழிவழியாகச் செய்யப்பட்டு வரும் அக்கைவினைக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாவி தொலைந்தால் வீட்டுக்காரர் தேடிச் செல்வதும் பூட்டுத் தொழிலாளியைத்தான். பூட்டைத் திறக்கும் வித்தையைத் திருடனும் அறிந்திருக்கலாம். இருவருக்குமுள்ள வேறுபாடு உரிமையில் இருக்கிறது, கைத்திறனில் இல்லை.

இந்த உண்மையை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. செம்பட்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இளைஞர் சிலர் பழைய கணிப்பொறிகளை மலிவாக வாங்கி வருகின்றனர். வீட்டில் வைத்து இயக்கினால் அது கடவுச்சொல் கேட்டு நின்றுவிடுகிறது. விற்றவருக்கும் அது தெரிவதில்லை. இனி என் செய்வது?

முதலில் பூட்டு எந்த வாயிலில் இருக்கிறது எனக் காண வேண்டும். மின்சாரம் பாய்ந்தவுடனே கடவுச்சொல் கேட்குமாயின், அது இயந்திரத்தின் அடிப்படை அமைப்பில் இடப்பட்ட பூட்டு. பழைய மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் அச்சொல் ஒரு சிறு மின்கலத்தின் துணையாலேயே நிலைத்திருக்கும். மின் இணைப்பை முற்றிலும் நீக்கி, மின்கலத்தைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்துப் பொருத்தினால் அது அழிந்துபோகும். ஆனால் நாளும் நேரமும் அதனோடு அழியும். மிகப் பழைய இயந்திரங்களில் வன்தட்டின் அளவுக் குறிப்புகளும் மறைந்துவிடும். ஆதலால் தட்டின்மேல் ஒட்டப்பட்ட சீட்டில் உள்ள எண்களை முன்னரே குறித்துக்கொள்வது நலம். பழைய மின்கலம் கசிந்து பலகையை அரித்திருக்கிறதா எனவும் பார்த்துவிடலாம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் இம்முறை பலிக்காது. அவற்றில் கடவுச்சொல் மின்சாரமின்றியும் மறவாத சில்லில் பதிந்திருக்கும்.

இரண்டாவது வாயில், விண்டோஸ் போன்ற இயக்க அமைப்பு கேட்கும் கடவுச்சொல். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் அது பெரும்பாலும் பெயரளவுக் காவலே. கடவுச்சொல் கேட்கும் பெட்டியை விலக்கிவிட்டாலே உள்ளே செல்ல இயலும். பிற்காலத்தவை அத்தனை எளியவையல்ல. தட்டிலுள்ள செய்திகளே மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின், சாவியின்றி அவற்றைப் படிப்பது ஏறத்தாழ இயலாத செயல்.

உலகில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. நார்வே நாட்டில் ரெய்தார் யூபெதால் என்னும் மொழியறிஞரின் நூல் தொகுப்புக்குக் கணிப்பொறியில் அட்டவணை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் எவருக்கும் உரைக்காமலே இறந்துவிட்டார். 2002ஆம் ஆண்டில் அத்தொகுப்பைக் காக்கும் ஈவார் ஓசென் மையம் உலகோரிடம் வெளிப்படையாக உதவி கேட்டது. விரைவிலேயே விடையும் வந்தது. அவ்வறிஞரின் குடும்பப் பெயரைத் தலைகீழாக எழுதியதே அக்கடவுச்சொல்!

மற்றொன்று, யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சனுடையது. அவருடைய பழைய கடவுச்சொல்லின் உருமாறிய வடிவம் கோப்பு ஒன்றில் எஞ்சியிருந்தது. 2019ஆம் ஆண்டில் ஒருவர் நவீன இயந்திரத்தைப் பல நாள் ஓட்டி அதைக் கண்டுபிடித்தார். ராணியின் முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும் சதுரங்க ஆட்டக் குறிப்பே அச்சொல்.

பூட்டு திறந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். உள்ளே முந்தைய உரிமையாளரின் கடிதங்களும் குடும்பப் படங்களும் கணக்குகளும் இருக்கக்கூடும். பெட்டியை விலை கொடுத்து வாங்கினோம். அவர் வாழ்வை வாங்கவில்லை. ஆதலால் அவற்றைப் படியாமல், இயன்றால் அவருக்குச் செய்தி அனுப்பி, அவர் வேண்டுவதைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை அழித்துவிடுவதே முறை. பிறருடைய கணிப்பொறியில் அவரது இசைவின்றி வஞ்சக நோக்கோடு நுழைவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

விற்போருக்கும் கடமை உண்டு. கோப்புகளைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பியதோடு அவை ஒழிந்துவிட்டதாக எண்ணலாகாது. மீட்டெடுக்கும் கருவிகள் உள்ளன. தட்டை முழுவதும் மேலெழுதித் துடைத்த பின்னரே விற்க வேண்டும்.

இறுதியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். நிலப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை மனைவி மக்களுக்கு உரைக்கிறோம். பிள்ளைகளின் படங்களும், கொடுக்கல் வாங்கல் கணக்கும் அடங்கிய கணிப்பொறியின் சொல்லை மட்டும் நெஞ்சோடு பூட்டி வைப்பது ஏன்? அதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்; மாற்றும்போதெல்லாம் அத்தாளையும் மாற்றுங்கள். நார்வே நாட்டு மையத்துக்கு உதவ உலகம் முன்வந்தது. கணவனை இழந்து கலங்கி நிற்கும் ஒரு பெண்ணுக்கு அவ்வுதவி அத்தனை எளிதில் கிட்டாது.