பரவிய புற்றுநோயும் கல்லீரல் செயலிழப்பும்: குடும்பங்கள் தவறவிடும் அவகாசம்

கண்கள் மஞ்சளானால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு கீழாநெல்லி. ஆனால், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குக் காமாலை வந்தால் அதற்கு வேறு பொருள் இருக்கலாம். நோய் கல்லீரலுக்குப் பரவி, அந்த உறுப்பு செயலிழக்கத் தொடங்கியிருக்கக்கூடும்.

குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் செல்கிறது. அதனால் பெருங்குடல், இரைப்பை, கணையம் ஆகியவற்றில் தோன்றும் புற்றணுக்கள் அங்கே எளிதில் தங்கிவிடுகின்றன. மார்பக, நுரையீரல் புற்றுநோய்களும் அங்குப் பரவுவதுண்டு.

கல்லீரலுக்குத் தாங்கும் சக்தி அதிகம். கட்டிகள் பல இருந்தும் நோயாளி வழக்கம்போல் நடமாடுவார். பெரும்பகுதி பழுதான பிறகே காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், கால் வீக்கம், கடும் சோர்வு, எளிதில் இரத்தக் கசிவு ஆகியவை வெளிப்படும். 'போன மாதம்வரை நன்றாகத்தானே இருந்தார்' என்று குடும்பத்தினர் திகைப்பதற்கு இதுவே காரணம்.

எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

கட்டி பித்த நாளத்தை அடைத்ததால் காமாலை வந்திருந்தால், ஸ்டென்ட் பொருத்தி அடைப்பை நீக்கலாம். மஞ்சள் இறங்கினால் கீமோதெரபியைத் தொடரவும் வாய்ப்புண்டு. கல்லீரல் திசுவையே கட்டிகள் ஆக்கிரமித்திருந்தால் நிலைமை கடினம். கீமோதெரபி மருந்துகள் பலவற்றை உடலிலிருந்து அகற்றுவதே கல்லீரல்தான். அது தளர்ந்தால் மருந்தின் நச்சுத்தன்மை கூடும். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் இத்தகையோருக்குப் பொதுவாகச் செய்யப்படுவதில்லை.

எந்த வகைக் காமாலை என்பதை ஸ்கேன் எடுத்தால்தான் அறிய முடியும். மூலிகையை நம்பிக் கழியும் ஒவ்வொரு வாரமும் அடைப்பை நீக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

பேச வேண்டியதைப் பேசும் காலம்

கல்லீரல் வடிகட்டத் தவறும் அம்மோனியா போன்ற கழிவுகள் மூளையைப் பாதிக்கின்றன. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழறல் என்று தொடங்கி, நோயாளிக்கு ஆள் அடையாளமே தெரியாமல் போகலாம். லாக்டுலோஸ் மருந்து சிலருக்குத் தெளிவைத் திருப்பித் தரும். மலச்சிக்கலும் கிருமித்தொற்றும் தூக்க மாத்திரைகளும் நிலையை மோசமாக்கும்.

'அப்பாவிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவார்' என்று உண்மையை மறைக்கும் வழக்கம் இங்கேதான் இடறுகிறது. வீட்டில் இருக்க விருப்பமா, மருத்துவமனையிலா, எதுவரை சிகிச்சை என்பதையெல்லாம் அவரே சொல்லக்கூடிய நாட்கள் சில வாரங்களாகச் சுருங்கிவிடலாம். மலேசியாவின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, உயில் எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். இபிஎஃப் வாரிசு நியமனத்தையும் அவர் தெளிவாக இருக்கும்போதே சரிபார்ப்பது நல்லது.

நோய்த்தணிப்புப் பராமரிப்பைக் 'கைவிட்டதன் அடையாளம்' என்று பலர் அஞ்சுகின்றனர். வலியையும் வயிற்று நீரையும் அரிப்பையும் குறைப்பதே அதன் வேலை. 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று இச்சேவையை இலவசமாக வழங்குகிறது. மற்ற ஊர்களில் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் பரிந்துரை கேட்கலாம்.

வேர் எங்கே?

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012-2016 காலத்தில் 63.7 விழுக்காட்டினருக்கு நோய் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டது. 2017-2021இல் அது 65.1 விழுக்காடு. பரவியபின் கண்டறிவது குறையவில்லை என்பதையே இது காட்டுகிறது.

மலேசிய ஆண்களிடம் அதிகம் காணப்படும் பெருங்குடல் புற்றுநோயை முன்னரே பிடிக்க எளிய மலப் பரிசோதனை உள்ளது. 50 வயதைக் கடந்தவர்கள் அதை அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் செய்துகொள்ளலாம். மலத்தில் இரத்தம் தெரிந்தால் மூலம் என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரைப் பார்ப்பதே பாதுகாப்பு. நோய் குடலோடு நிற்கும்போது குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்; கல்லீரல் தளர்ந்தபின் கையில் மிஞ்சுவது காலம் மட்டுமே.