ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

இசைக்கருவி பயிலத் தொடங்கும் மாணவர் பலர். ஓராண்டு கடந்த பின்னும் அதைக் கையில் எடுப்போர் மிகச் சிலர். காரணம் கேட்டால், "முன்போல் ஆர்வம் இல்லை" என்பர். ஆர்வம் இருந்தால்தான் சாதகம் நடக்கும் என்ற இந்த எண்ணத்தை நான் ஏற்பதற்கில்லை. நாள் தவறாத சாதகமே ஆர்வத்தைக் காப்பாற்றுகிறது என்பேன்.

தொடக்கத்தில் நாளுக்கொன்று புதிதாகக் கைவருகிறது. சரளி வரிசை முதற் காலத்தில் எளிதாகிறது. இரண்டாம் காலமும் வசப்படுகிறது. மூன்றாம் காலத்தில் விரல் பின்னுகிறது. வாரங்கள் செல்கின்றன, வளர்ச்சி காதுக்குத் தெரிவதில்லை. புல்லாங்குழலும் வயலினும் உறைக்குள் புகுவது இந்தக் கட்டத்தில்தான். இதைத் தாண்டுவது எப்படி?

விடை நம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் உள்ள காருகுறிச்சியில் 1921-இல் பிறந்தவர் நாதஸ்வர மேதை அருணாசலம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் சீடராகி, குருவுக்குத் துணையாக இரண்டாம் நாதஸ்வரம் வாசித்தவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த நாதஸ்வரம் அவருடையதே. 1964-இல் அவர் மறைந்தார். அந்த நாதம் இன்றும் கேட்கிறது.

இரண்டாம் நாயனக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கைத்தட்டலில் பெரும்பங்கு முதல்வருக்கே. ஆயினும் மேளம் புறப்படும் நேரத்துக்கு இவரும் வந்து நிற்க வேண்டும். "இன்று மனம் இருக்கிறதா?" என்று எவரும் கேட்பதில்லை. முதல்வர் விட்ட இடத்தில் பிடித்தாக வேண்டும் என்பதால் காது எந்நேரமும் விழித்திருக்கும். குறித்த நேரம், உடன் வாசிக்கும் துணை, தம்மினும் உயர்ந்த நாதம் அருகில் ஒலிப்பது: இம்மூன்றும் இருந்தால் மனம் சோர்ந்த நாளிலும் கை சோராது.

இவற்றை நாமும் அமைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். அரை மணி போதும். தடுக்கும் ஒரே ஒரு சங்கதியை எடுத்து, முதலில் வாயால் பாடி, பின் மெதுவாக வாசியுங்கள். முடிக்கும்போது நன்றாக வரும் ஒன்றை வாசித்து நிறைவோடு எழுங்கள். மாதம் ஒருமுறை கைப்பேசியில் பதிவு செய்து, பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். காதுக்குத் தப்பிய வளர்ச்சி அப்போது புலப்படும்.

எனினும் தனி முயற்சியால் மட்டும் எல்லாம் கைகூடாது. விடுதியில் வாசித்தால் அடுத்த அறை நண்பர் படிக்க இயலாது. ஒற்றை அறை வீட்டிலிருந்து பேருந்தேறி வரும் மாணவருக்கு வீட்டிலும் இடமில்லை. அவர்கள் கருவியைக் கைவிடும்போது, ஆர்வக்குறைவு என்று நாம் பழிப்பது நியாயமா? மாலை வகுப்பு முடிந்ததும் ஓர் அறையை ஒரு மணி நேரம் திறந்து வைக்கக் கல்லூரி மனம் கொள்ள வேண்டும். மூத்த மாணவர் ஒருவர் அருகில் ஒரு புதியவர் அமரட்டும். செலவு ஏதுமில்லை, ஒரு சாவிதான் வேண்டும்.

அந்தக் கதவு திறந்தால், அடுத்த ஆண்டு விழாவில் இறைவணக்கத்திற்கு ஒலிநாடாவைத் தேட வேண்டியிராது. நம் மாணவரே வாசிப்பர்.