மாநகராட்சியின் வலைத்தளம் யாருக்கு?



“எல்லாம் வலைத்தளத்தில் இருக்கிறது” என்னும் விடையை இந்நாளில் எங்கும் கேட்கிறோம். இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தது. எவரும் மனுப்போடுமுன்பே 17 வகைச் செய்திகளை ஒவ்வோர் அலுவலகமும் தானே வெளியிடவேண்டும் என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. மனுப்போடும் தேவையே குறையவேண்டும், எளிதில் எட்டும் வடிவில் தரவேண்டும், வட்டார மொழியைக் கருதவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் எங்கள் தெருப் பெரியவர்கள் கைபேசியை என்னிடம் நீட்டுவார்கள். “தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு” என்பார்கள். தாராவி மறுசீரமைப்பு மாநில அரசின் திட்டம். அதில் 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்வந்தோர்க்கு வேறு விதி, வேறு இடம். பழைய வரிச்சீட்டும் மின்கட்டணச் சீட்டும் பொன்னாகிவிட்ட காலம் இது. ஒரு வரியைத் தவறாகப் படித்தால் வீடே போகும். படித்துச் சொல்லப் பிள்ளை இல்லாதவர் தரகரைத் தேடுகிறார். தரகர் கூலி கேட்கிறார்.

மும்பை மாநகராட்சியின் தளம் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. மராத்தி இங்கு ஆட்சிமொழி. அதைக் கற்பது நம் கடமை. (என் மராத்தி பேருந்து நடத்துநர்களிடம் பயின்றது, சற்றே முரடு.) ஆயினும் தமிழ்வழிப் பள்ளிகளைத் தானே நடத்தும் மாநகராட்சி, அப்பிள்ளைகளின் பெற்றோருக்குக் குடிநீர்க் கட்டண விதியை ஒரு பக்கம் தமிழில் எழுதலாகாதா?

அறிவியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். கணக்கைப் படம்பிடித்து ஏற்றினால் பார்க்கலாம். கூட்டிச் சரிபார்க்க இயலாது. 2025-26-க்கு 74,427 கோடி ரூபாய் வரவு செலவுத் திட்டம் போட்ட மாநகராட்சியின் கணக்கு, எவரும் கூட்டிப் பார்க்கக்கூடிய எண்களாக வரவேண்டும்.

தளத்தில் எத்தனை பக்கம் என்று எண்ணுவோர் உண்டு. எது இல்லை என்றும் பார்க்கவேண்டும். 2023 மார்ச்சில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயர் அறிக்கை, 2019 நவம்பர் முதல் 2022 அக்டோபர் வரை மாநகராட்சி மேற்கொண்ட ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய்ப் பணிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 64 பணிகளில், 4,755 கோடி ரூபாய் அளவுக்கு, ஒப்பந்தமே எழுதப்படவில்லை என்றது. எழுதாத ஒப்பந்தத்தை எந்தத் தளம் காட்டும்? பணிதோறும் ஒப்பந்தத்தை ஏற்றியே தீரவேண்டுமென்ற விதி இருந்திருந்தால், அந்த வெற்றிடம் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே நம் மன்றத்தார் ஒரு சோதனை செய்யலாம். தாராவிக்கு ஜி வடக்கு வார்டு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு. வார்டுக்கு மூன்று வினாக்கள்: எங்கள் தெருச் சாலைப்பணி யாரிடம், எவ்வளவுக்கு, எந்நாளில் முடியும்? விடை தேடவேண்டியவர் நாமல்லர். நம் வீட்டுப் பெரியவர். நாம் அருகிருந்து நிமிடங்களை மட்டும் குறிப்போம். வாய் திறக்கக்கூடாது. செம்பூருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. விருப்பமுள்ளோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.