கிருமியே தீட்டித் தரும் கத்தி

காசநோய் மாத்திரையைத் தொடங்கியதும் பலர் பதறிப்போவது ஒரே விஷயத்துக்குத்தான். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தமோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. பயம் வேண்டாம், அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் சொந்த நிறம். வியர்வையும் கண்ணீரும்கூட லேசாக நிறம் மாறலாம்.

சரி, அந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது?

கிருமி உயிர் வாழப் புரதம் தயாரித்தாக வேண்டும். அதற்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. குறிப்பைப் படியெடுத்துக் கொடுக்க ஒரு நொதி இருக்கிறது. ரிஃபாம்பிசின் நேராகப் போய் அந்த நொதியில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் படியெடுக்க முடியாமல் வேலை நின்றுபோகிறது. இதே வேலையைச் செய்யும் நொதி நம் உடம்பிலும் உண்டு. ஆனால், அதன் வடிவம் வேறு. மருந்து அங்கே பொருந்துவதில்லை.

கூடவே தரப்படும் ஐசோனியாசிட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1912-ல் பிராகா நகரில் தயாரிக்கப்பட்ட இந்த ரசாயனம், காசநோயைக் குணப்படுத்தும் என்று தெரியவந்தது 1952-ல்தான். 40 வருஷம் யாரும் அதைக் கவனிக்கவில்லை! இது கிருமிக்குள் நுழையும்போது வெறும் மொட்டைக் கத்தி. கிருமி தன் தற்காப்புக்காக ‘கேட்-ஜி’ என்றொரு நொதியை வைத்திருக்கிறது. அந்த நொதிதான் மருந்தைக் கூர்தீட்டிவிடுகிறது. கூரான மருந்து, கிருமியின் மெழுகுச் சுவரைக் கட்டும் இன்னொரு நொதியை முடக்குகிறது. சுவர் இல்லாமல் கிருமி சாகிறது. கேட்-ஜியின் பங்கு 1992-ல்தான் தெளிவானது.

வம்பும் இங்கேதான். கேட்-ஜி பழுதான கிருமிக்குள் கத்தி மொட்டையாகவே கிடக்கும். நுரையீரலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் அப்படிச் சில தற்செயலாகவே இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, இவை மட்டும் பெருகும். அதனால்தான் முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. ஒன்றிலிருந்து தப்பும் கிருமி மற்றதில் மாட்டும்.

‘மாத்திரை எதற்கு, தடுப்பூசி போதாதா?’ என்று கேட்கலாம். அதற்கு விடை தேடிய உலகின் மிகப்பெரிய ஆய்வு 1968-ல் தொடங்கியது. நடந்த இடம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்கள். லட்சக்கணக்கானோர் பங்கேற்றார்கள். பி.சி.ஜி தடுப்பூசி பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காப்பாற்றவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயை அது தடுப்பதால் இன்றும் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு நோய் வந்துவிட்டால் மாத்திரைதான் வழி. அதை வீட்டிலிருந்தே சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களிலேயே உலகத்துக்குக் காட்டியதும் சென்னையில் நடந்த ஆய்வுதான்.

அதே மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட். உருக்காலையில் ஷிப்ட் பார்க்கும் ஒரு பீகார் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் இருமல் போய்விடும், எடை ஏறும். லீவு போட்டால் சம்பளம் போச்சு. ஊரில் கல்யாணம் என்று ரயில் ஏறுகிறார், மாத்திரை அறையிலேயே கிடக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்து சாப்பிடுவது யாருக்குமே கஷ்டம். ஆனால் சுறுசுறுப்பான கிருமிகள்தான் முதலில் சாகின்றன. சோம்பிக் கிடப்பவை மிச்சமிருக்கும். அவற்றை முடிக்கத்தான் மீதி நான்கு மாதம். பாதியில் விட்டால் நோய் திரும்பலாம். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அசையாத கிருமிகளும் உருவாகலாம். அறையில் கூடத் தங்கியிருப்பவருக்குத் தொற்றுவதும் அதே கிருமிதான்.

மருந்துக்கு அசையுமா என்பதைச் சளிப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். ‘சிபிநாட்’ கருவி, ரிஃபாம்பிசின் ஒட்டும் இடத்துக்கான 81 மரபணு எழுத்துகளைச் சோதித்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும்.

பெண்கள் கவனிக்க: ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். டாக்டரிடம் சொல்லி வேறு வழிக்கு மாறுங்கள். கை கால் எரிந்தால் பி6 வைட்டமின் கேளுங்கள். கண் மஞ்சளானால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஊருக்குக் கிளம்புபவர்கள், அரசு மருத்துவமனையில் தந்த ‘நிக்‌ஷய்’ எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள். கிளம்பும் முன் அங்கே சொல்லிவிட்டால், பாட்னாவிலும் அதே எண்ணில் மாத்திரை இலவசமாகத் தொடரும்.